முடிவெடுக்க ஆளில்லாத சங்கிலி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்கு அனுமதி சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். லீவு முதல் மெமோ வரை எல்லாம் அதில்தான். போட்ட முதல் வாரமே சர்வர் படுத்துவிட்டது. எழுதியவள் நான் என்பதால் என்னையே அனுப்பினார்கள்.

'செயின் ஆஃப் ரெஸ்பான்சிபிலிட்டி', அதாவது பொறுப்புச் சங்கிலி என்ற பேட்டர்ன் போட்டிருந்தேன். புரோகிராமுக்குள் ஓர் அதிகாரியின் இடத்தில் நிற்கும் துண்டுக்கு ஆப்ஜெக்ட் என்று பெயர். விண்ணப்பம் ஒரு ஆப்ஜெக்டிடம் போகும். அதன் அதிகாரத்துக்குள் இருந்தால் முடிவு சொல்லும். இல்லையென்றால் அடுத்த ஆப்ஜெக்டிடம் தள்ளிவிடும். சூப்பர்வைசர், மேனேஜர், ஜி.எம்., எம்.டி. என்று ஆளுக்கொரு ஆப்ஜெக்ட். அவரவர் அதிகாரத்தை அவரவரே நிரப்பட்டும் என்று விட்டேன். பெரிய ஜனநாயகவாதி நான்!

பெயர் சங்கிலியில் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டவர்கள், அதிகாரம் என்ற கட்டத்தில் ஒருவர் விடாமல் பூஜ்யம் போட்டிருந்தார்கள். எம்.டி. ஒரு படி மேலே போய், தனக்கு வருவதைத் திரும்பவும் சூப்பர்வைசருக்கே அனுப்பச் செய்திருந்தார். மாட்டிக்கொண்டவர் பட்டாபிராமிலிருந்து வரும் கிரேன் ஆபரேட்டர் செல்வம். மனைவிக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். அவருடைய லீவு விண்ணப்பம்தான் செக்குமாடு மாதிரி சுற்றிச் சர்வரைக் கவிழ்த்திருந்தது.

"எப்ப பாத்தாலும் ப்ராசஸ்ல கீதுன்னே காட்டுது மேடம். சொல்லாம போனா வேல பூடும். இன்னா பண்றது?" என்றார்.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் காபியை ஆற்றினார். "நான் ரிஜெக்ட் பண்ணலையேம்மா, ஃபார்வர்டுதானே பண்ணேன்."

சங்கிலிக் கடைசியில் ஒரு ஆப்ஜெக்ட் சேர்க்கிறேன், யாரும் வாய் திறக்காவிட்டால் அதுவே லீவு கொடுத்துவிடும் என்றேன். அதற்கு அனுமதி வேண்டுமாம். அந்த விண்ணப்பமும் அதே சங்கிலியில் போயிற்று. வேறு வழியில்லாமல், எதுவானாலும் மணிக்கு ஒரு சுற்றுதான் என்று மாற்றிச் சர்வரை எழுப்பிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை செல்வம் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கிரேன் நின்ற கோபத்தில் சூப்பர்வைசர், அவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி எழுதினார். சாஃப்ட்வேரில்தான் எழுதினார். அது இன்னமும் மணிக்கு ஒரு சுற்று போய்க்கொண்டிருக்கிறது. செல்வம் கிரேன் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

புதிதாகப் புரோகிராம் எழுத வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சங்கிலி கட்டும்போது, முடிவு சொல்ல ஒரு ஆப்ஜெக்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். போன மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து, சுற்றுவதைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டார்கள். மேலே ஃபார்வர்டு செய்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.