விசிலுக்கு வராத குதிரை

போன வாரம் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சாவு.

பதறாதீர்கள். செத்தது குதிரை. அதுவும் லேப்டாப்புக்குள்!

ஒரகடத்தில் மாடி போர்ஷன் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வாடகைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் ஷிஃப்ட் போகிற பிள்ளைகள். என் மாடியில் இருவர். திருநெல்வேலிப் பக்கத்துச் செல்வம், வாலாஜாபாத்தைத் தாண்டி ஒரு கிராமத்து டில்லி. இருவருக்கும் ஒரே கார் கம்பெனி. ஆனால் ஒருவன் காலை ஷிஃப்ட் போனால் மற்றவன் மதிய ஷிஃப்ட். ஞாயிறு தவிர ஒருவர் முகத்தை ஒருவர் முழுசாகப் பார்ப்பதே அபூர்வம்.

பொழுதுபோக்கு? பிளஸ் டூ படித்தபோது செல்வத்துக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப். புது கேம் எதைப் போட்டாலும் அது மூச்சுத் திணறிப் படுத்துவிடும். அதனால் யாரும் சீண்டாத பழைய கேம்களாகத் தேடிப் பிடிப்பார்கள். அதிலும் கௌபாய் கேம் என்றால் உயிர். ஒன்றில் துப்பாக்கியே கிடையாது. ஊர் ஊராகத் தபால் கொண்டுபோக வேண்டும். இன்னொன்றில் பாலைவனத்தில் கிணறு தோண்ட வேண்டும். கௌபாய் என்றால் டிஷ்யூம் டிஷ்யூம் என்று நினைத்திருந்த எனக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது.

இப்போது ஆடுவது மூன்றாவது கேம். அதில் ஒரே ஆள், ஒரே குதிரை. இருவரும் அந்த ஒருவனையே ஷிஃப்ட் போட்டு ஆடுகிறார்கள்! கம்பெனியில் செய்வது போலவே அடுத்து ஆடுகிறவனுக்குச் சுவரில் ஹேண்டோவர் நோட் வேறு. "குதிரைக்குத் தண்ணீர் காட்டியாச்சு. முன்னங்கால் லாடம் தேய்மானம். தோட்டா ஒன்பது." படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

ஞாயிறு காலை தண்ணீர் மோட்டார் விஷயமாக மாடிக்குப் போனேன். செல்வம் டிபன் வாங்கப் போயிருந்தான். டில்லி மட்டும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா?"

"ராசாத்தி பூட்ச்சுக்கா."

ராசாத்தி, செல்வம் அந்தக் குதிரைக்கு வைத்த பேர்.

"வியாழக்கிழமை நான்தான்க்கா ஓட்டிக்கினே இருந்தேன். மூச்சு வாங்குது, நுரை தள்ளுது... அடுத்த ஊர் வரிக்கும் டார்கெட்ட முட்ச்சிட்டு அவன்கிட்ட குட்த்துடலாம்னு பார்த்தேன். அப்டியே விழுந்துட்ச்சு."

"மறுபடி முதலிலிருந்து ஆடேன்."

"இதுல அதெல்லாம் கெடையாதுக்கா. போனா போனதுதான்."

"செல்வத்துக்கிட்ட சொல்லிட்டியா?"

தலையைக் குனிந்தான். "அவன் ரெண்டு நாளா லேப்டாப்ப தொடலக்கா. அதே கலர்ல வேற குதிரை வாங்கி, அதே பேர் வெச்சிட்டேன்."

அடப்பாவி! லைன் நிற்கக் கூடாது, அடுத்த ஷிஃப்டுக்குப் பாதி வேலையைத் தள்ளக் கூடாது என்று பழகிய கை. குதிரையையும் கன்வேயர் பெல்ட் என்று நினைத்துவிட்டது. ஆனால் அவன் பயந்தது கேமுக்காக இல்லை. செல்வம் இனி தன்னை நம்புவானா என்பதுதான் அவன் கவலை.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வம் வந்துவிட்டான். கையை உதறிக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தான். விசில் அடிக்கிற பட்டனை அழுத்தினான்.

குதிரை புல் மேய்ந்தது.

மறுபடி விசில். குதிரை தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டடி பின்னால் போனது.

"ஏலே டில்லி... இது ராசாத்தி இல்லியே."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தடவிக் கொடுத்து, தீனி போட்டு, நாள்கணக்கில் பழகினால்தான் அந்தக் குதிரை விசிலுக்கு வருமாம். கேமில் எங்கேயும் அப்படி எழுதிக்கூட வைக்கவில்லை. கலரும் பேரும் ஒன்றானால் குதிரை ஒன்றாகிவிடுமா?

டில்லி அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான். செல்வம் திட்டவில்லை. "எங்க விழுந்துச்சு?" என்று மட்டும் கேட்டான்.

"வறண்ட ஆத்துக்கு அந்தாண்ட."

அந்தப் புதுக் குதிரையிலேயே கிளம்பினான். அரைமணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. மண், வெயில், வானம், குளம்புச் சத்தம். என் அடுப்பில் சாம்பார் கொதிப்பதே மறந்துபோய் நானும் உட்கார்ந்திருந்தேன்.

ராசாத்தி அங்கேயே கிடந்தாள். மணல் பாதி மூடியிருந்தது. சேணம் மட்டும் வெளியே தெரிந்தது. புதுக் குதிரை பத்தடி தள்ளியே நின்றுவிட்டது. எவ்வளவு விரட்டினாலும் கிட்டே போகவில்லை.

ஐயோ, இந்த கேமைச் செய்தவர்கள் என்ன மனுஷர்கள்! செத்த குதிரையைத் தேடி எவன் திரும்பி வரப்போகிறான்? வரவே மாட்டான் என்று தெரிந்தும் யாரோ ஒருவர் உட்கார்ந்து இதைச் செய்து வைத்திருக்கிறாரே! விற்காத, பேர் வாங்காத ஒரு கேமுக்குள்ளே! நான் கையெடுத்துக் கும்பிடாத குறை.

செல்வம் ஆச்சரியப்படவில்லை. "எங்க லைன்லயும் கதவுக்கு உள்ள ஒரு போல்ட் உண்டுக்கா. ஒருத்தரும் பாக்க முடியாது. அதையும் டைட் பண்ணித்தான் விடுவோம்" என்றான்.

பிறகு டில்லி பக்கம் திரும்பினான்.

"வியாழக்கிழமை எவ்வளவு நேரம் தூங்குன?"

டில்லி மழுப்பினான். "மூணு நாளா OT-டா... சூப்பர்வைசர் கேட்டுக்கினே இருந்தாரு."

"அப்ப நீயும் நுரை தள்ளிக்கிட்டுத்தான் ஓட்டிருக்க."

"வுடுடா. குதிரைக்கு சாரி."

"குதிரைக்குப் பதிலா வேற குதிரை வாங்கிட்ட. ஏலே, நீ விழுந்தா நான் எந்தக் கடையில போயி இன்னொரு டில்லிய வாங்க?"