பெயரில்லாத கல்லுக்கு எள்ளும் தண்ணீரும்

கொரோனாவுக்கு முந்தைய குளிர்காலம். இப்போது யாங்கோன் என்கிற ரங்கூனில், கியாக்டடா பகுதியில் ஒரு சிறிய விடுதியின் வரவேற்பில் வேலை பார்த்தேன். அங்கே தங்கியிருந்த வயதான ஆங்கிலேய அம்மாள், நான் தமிழச்சி என்று தெரிந்ததும் அருகில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இங்கிலாந்தில் அவருடையது சின்னக் கிராமம். சதுரக் கோபுரம் வைத்த பழைய தேவாலயம், ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய கல்பாலம், ரங்கூனில் மர வியாபாரம் செய்து திரும்பிய துரை கட்டிய பெரிய வீடு. ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இவற்றைக் காட்டிக் கதை சொல்வது இவர்தான். கடைசியாகக் காட்டுவது தேவாலயச் சுவரோரம் உள்ள ஒரு கல்லறை. துரையின் பிள்ளைகளோடு கப்பலேறிப் போய், முதல் பனிக்காலத்திலேயே இறந்துபோனவளுடையது. கல்லில் ‘ரங்கூன் தமிழ் ஆயா’ என்று மட்டும்தான் இருக்கிறதாம். அவள் பெயரையும் சொந்தக்காரர்களையும் தேடித்தான் வந்திருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையை வளர்த்தவளுக்கு ஒரு பெயர்கூடவா இல்லாமல் போயிற்று? கோயிலில் கேட்டோம், புறநகரான இன்சீனில் பழைய தமிழ் ரயில்வே குடும்பங்களைக் கேட்டோம். பெயரே இல்லாமல் யாரைத் தேடுவது? அவர் பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்தார். உள்ளே கல்லறை மண். சொந்தக்காரர்களிடம் கொடுக்கக் கொண்டுவந்ததாம். அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அமாவாசையன்று காலையில், அலோன் ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டு மண்ணைக் கரைத்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார். தண்ணீரில் இறங்கி எள்ளைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயையோ, எங்கப்பா உசுரோட இருக்காரே! நான் விடக்கூடாதே.”

மாமியார்தான் தமிழ், மாமனார் பர்மியர். எங்கள் வீட்டில் தர்ப்பணமே கிடையாது. அதனால் தகப்பன் இருக்கிறவன் அதைச் செய்யக்கூடாது என்பது அதுவரை இருவருக்குமே உறைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் டப்பாவை மூடினார்.

“அந்தக் கல்லறையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“நான்தான். அதற்கு முன்னால் என் அம்மா. இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.”

“அப்படியானால் நீங்களே விடுங்கள்.”

கணவர் தயங்கினார். “பேரு தெரியாதே, என்னன்னு கூப்புடுறது?”

“ஆயான்னே கூப்புடட்டும். இத்தனை வருசமா அப்புடித்தான கூப்புடுறாங்க.”

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். எள்ளும் தண்ணீரும் விரல் வழியே வழிய, “ஆயா, ஆயா, ஆயா” என்றார். மண்ணைக் கரைக்கும்போது உடைந்து அழுதுவிட்டார். கரையில் நின்ற நானும் அழுதேன்.

எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் கப்பலேறிப் போய்த் திரும்பவே இல்லை. அவர்கள் கிடக்கிற மண்ணிலும் புல்லைப் பிடுங்கிவிட யாராவது ஒருத்தி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அமாவாசைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.