முட்டி போடாத அம்மாள்

கரியாலூர் மலைப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி, கைபேசியில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். போலி போதகர்களைப் பற்றிய குற்றத் தொடரின் இரண்டாம் சீசன் அது. ஜெபக் கூட்டத்தில் எல்லோரும் மண்டியிட, ஒருத்தி மட்டும் நிற்கிறாள். இவரேதான்.

“மலையில ஷூட்டிங்னு எங்களையும் கூட்டத்துல சேத்துக்கினாங்க. முட்டி போடுன்னு டைரக்டர் கத்திக்கினே இருந்தாரு. ஏசுவுக்குத்தான் போடுவேன், வேஷக்காரனுக்கு இன்னாத்துக்குன்னேன். கடைசில அதையே வெச்சிக்கினாங்க.”

“நடிப்புதானேங்க?”

“வேஷம் அவனுது. முட்டி என்னுதும்மா.”

வீட்டுக்கு வந்து நானும் பார்த்தேன். ஆசீர்வதிக்க உயர்ந்த, போதகராக நடிப்பவரின் கை, நிற்கும் அந்த அம்மாளைக் கண்டதும் தயங்கிக் கீழே இறங்குகிறது. அதை யாரும் அந்த நடிகருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.