கொக்கு பேட்ஜும் அப்பா ஓட்டாத சைக்கிளும்

நேற்று சாயங்காலம் உறுதியாகிவிட்டது. அப்பாவின் சைக்கிள் இத்தாலியில் செய்ததுதான்!

முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக இதை நம்பாமல் இருந்தவள் நான். அதனால் நானே எழுதுகிறேன்.

அப்பா போர்ட் பிளேரில் கப்பல் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டும் டர்னர். வீடு சௌல்தாரியில். தினமும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார்.

வீட்டில் சைக்கிள் சும்மா நிற்கும்! தானும் ஏற மாட்டார், எங்களையும் ஏற விடமாட்டார்.

வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முன்பு, கப்பலில் மிஞ்சிய சாம்பல் பெயிண்டை எடுத்துவந்து அதற்கு அடிப்பார். (எங்கள் ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, கோழிக்கூடு எல்லாமே அந்த நிறம்தான். தூரத்திலிருந்து பார்த்தால் வீடே நங்கூரம் தூக்கத் தயாராக இருப்பதுபோலத் தெரியும்.)

ஏழாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "உங்கப்பா கப்பல்ல இருந்து சைக்கிள் சுட்டுட்டு வந்தாராமே?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்.

"இத்தாலிக்காரன் குடுத்தது."

அவ்வளவுதான். யார், எதற்காக, ஏன் ஓட்டுவதில்லை, எதற்கும் பதில் இல்லை. சைக்கிளிலும் ஒரு பெயர் கிடையாது. ஹேண்டில்பாருக்குக் கீழே, பேட்ஜ் இருந்திருக்க வேண்டிய இடத்தில், இரண்டு துளைகள் மட்டும்.

நான் அந்தப் பெண்ணை நம்பினேன். அப்பாவை நம்பவில்லை. அவர் இறந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. இதை அவரிடம் சொன்னதே இல்லை.

போன மாதம் அம்மாவை என்னோடு போர்ட் பிளேருக்கு அழைத்து வந்தேன். சாமான் ஏற்றும்போது, சைக்கிளைப் பழைய இரும்பு வாங்கும் கபாடிக்குப் போட்டுவிடலாம் என்றேன்.

"அதத் தொடாத" என்றாள் அம்மா.

சரி, உண்மை என்னவென்று பார்த்துவிடலாம் என்று சைக்கிள் கடை அந்தோணியிடம் கொண்டுபோனேன். அவர் அதை ஒரு கையால் தூக்கினார்.

"அரே அக்கா, இது நம்ம பக்கத்து வண்டியே இல்ல! வெயிட்டப் பாருங்க."

"வெயிட் கம்மியா இருந்தா இத்தாலியா?"

"உங்களுக்கு சர்டிபிகேட் வேணுமா?"

"ஆமா."

(வேதியியல் படித்தவள். பழக்கம் விடவில்லை.)

உள்ளே ஏதாவது முத்திரை இருக்கும், பெடல் அச்சைத் தாங்கும் இரும்புக் கப்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார். ஸ்பேனரில் குழாய் மாட்டி, எல்லா வண்டியிலும் வலது கப்பைத் திருப்புவதுபோலத் திருப்பினார். அசையவில்லை.

"ஜாம் ஹோ கயா, அக்கா. வெட்டிரலாமா?"

வெட்ட வேண்டாம் என்றேன். அன்று இரவு படித்துப் பார்த்தேன். நம் ஊர் சைக்கிள்களில் வலது கப்பின் மரை எதிர்த்திசையில் இருக்கும். இத்தாலிய சைக்கிள்களில் அப்படி இல்லை. அந்தோணி திருப்பித் திருப்பி இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்!

மறுநாள் மாற்றித் திருப்பினார். சுலபமாக வந்தது. உள்ளே கிரீஸ் மஞ்சளாக, சுத்தமாக இருந்தது.

"யாரோ வருசா வருசம் தொறந்து மூடியிருக்காங்க அக்கா. தெரிஞ்ச கை."

கடைசிவரை அப்பாதான் அதைச் செய்திருக்க வேண்டும்.

பெயிண்டைச் சுரண்டியபோது அடியில் ஓர் எண்ணும் G.B. என்ற இரண்டு எழுத்துகளும் தெரிந்தன. குழாய்கள் சேரும் மூட்டுகளில் இலை வடிவத்தில் சின்னத் துளைகள். படமெடுத்துப் பழைய சைக்கிள் பிரியர்களின் குழுவில் போட்டேன். ஆளுக்கொரு கம்பெனி சொன்னார்கள். ஓர் இத்தாலியப் பெரியவர் மட்டும் வேறு மாதிரி எழுதினார். வட இத்தாலியில் ஒரு சிற்றூரில் தன் சித்தப்பாக்கள் இருவர் வைத்திருந்த பட்டறையின் வேலை போலத் தெரிகிறது. அவர்கள் வாடிக்கையாளரின் பெயரெழுத்துகளை அடியில் பொறிப்பார்கள். முன்னால் கொக்கு உருவப் பேட்ஜ் இருந்திருந்தால் சந்தேகமே இல்லை.

நேற்று அந்தோணி சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே வந்ததும், "கப்பல் ஜெட்டி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டா அக்கா?" என்றார். தாராளமாக என்று சொல்லிவிட்டு, பேட்ஜ் இல்லாததால் விஷயம் பாதியில் நிற்பதை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கொக்குப் போட்ட பித்தளைத் தகடா? அது எங்கிட்டல்லா இருக்கு" என்றாள் அம்மா.

டிரங்குப் பெட்டியிலிருந்து துணி சுற்றி எடுத்துவந்தாள்.

"ஏம்மா, இத்தன நாள் சொல்லல?"

"நீ கடையில கேட்ட, கம்ப்யூட்டர்ல கேட்ட. எங்கிட்ட கேட்டியாட்டி?"

பிறகு நின்றபடியே சொன்னாள்.

"நான் கல்யாணமாகிக் கப்பலேறி வந்த ரெண்டாம் வருசம். இஞ்சின் ஓடாம ஒரு கப்பல் ஒரு மாசம் நின்னுது. அதுல ஒரு இத்தாலி இஞ்சினியரு. துறைமுகக் கேட்டத் தாண்ட அவனுக்குப் பெர்மிசன் கெடையாது. ஜெட்டியிலயே சைக்கிள்ல போவான், வருவான். பின் சக்கரம் வளஞ்சு போச்சுன்னு ஒங்கப்பாட்ட ரிப்பேருக்குக் குடுத்தான். மறுநா மலேரியா. பிளேன்ல மெயின்லேண்டுக்குக் கொண்டு போயிட்டாவ. கப்பலும் கெளம்பிட்டு."

"ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே?"

"கேட்டு வருவான்னு ஒங்கப்பா இருந்தாவ. நாளாக நாளாகச் சொல்லப் பயம். வெளிநாட்டுச் சாமான், கவர்மெண்டு வேல. தகட்டக் கழத்திட்டுப் பெயிண்ட் அடிச்சாவ. சாகுறதுக்கு முன்ன இத எங்கையில தந்து, யாராச்சும் கேட்டு வந்தாக் குடுன்னாவ."

"ஒரு நாளாவது ஓட்டியிருக்கலாம்."

இதற்கு அந்தோணிதான் பதில் சொன்னார்.

"ரிப்பேருக்கு வந்த வண்டியில நாங்க ஏற மாட்டோம் அக்கா. பின் வீலச் சுத்திப் பாத்தேன், ஒரு நூல் ஆட்டம் இல்ல."

சீட்டில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"ரவுண்டு?" என்று கேட்டேன்.

"வேணாம். கஸ்டமர் வண்டி."

பேட்ஜின் படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அதே பட்டறைதான்.

அப்பா பயந்தார், மறைத்தார். அது உண்மை. திருடவில்லை. அதுவும் உண்மை. இரண்டாவதை அவர் இருக்கும்போதே நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

செய்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. கொடுத்தவர் யார் என்று தெரியவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் ஒரு மாதம் நின்ற கப்பலின் இஞ்சினியர். பெயரெழுத்துகள் G.B.

அவரையோ அவர் வீட்டாரையோ அறிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சக்கரம் நேராகிவிட்டது. வண்டி தயார் என்று சொல்ல வேண்டும்.