நான் படிக்காமல் விட்ட மூன்று எழுத்து

நர்சிங் சேர்ந்த முதல் மூன்று மாதம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. பன்னிரண்டாவது வரை தமிழிலேயே படித்தவள் நான். கல்லூரியில் கொடுத்த மருத்துவச் சொற்கள் புத்தகத்தில் பக்கத்துக்கு நாற்பது வார்த்தை, ஒன்றும் வாயில் நுழையாது. ஆரணியில் பஸ் ஏறியதிலிருந்து வேலூர் சாலையில் கல்லூரி வாசல் வரைக்கும் நின்றுகொண்டே மனப்பாடம் செய்வேன். அன்றைய வார்த்தைகளை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருப்பேன். கண்ணமங்கலம் வருவதற்குள் வியர்வையில் பாதி அழிந்துவிடும். மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருப்பவர்களுக்கு வியாதி கண்டுபிடிப்பேன். கால் வீங்கிய பூக்கார அம்மாவுக்கு எடீமா, மூச்சு வாங்கும் கண்டக்டருக்கு டிஸ்ப்னியா. அவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் கேட்டார்கள். அங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் பட்டுத் தறி. அப்பா மட்டும் செய்யாறு கம்பெனிக்கு ஷிப்டு போகிறவர். அந்தத் தெருவிலிருந்து வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய முதல் ஆள் நான். அதனால் பிளாஸ்டிக் கவரில் ரிப்போர்ட்டைப் போட்டுக்கொண்டு வருவார்கள். எனக்கு எவ்வளவு தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. தலைக்கனம் என்று இன்றைக்கு எழுதுவது சுலபம், அன்றைக்கு அது எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

எதிர்வீட்டு மாமாவுக்கு ஆறு மாதமாகப் பிரஷர் மாத்திரை. வேலூருக்குச் செக்கப் போய் வந்த மறுநாள், அவர் வாசலில் என்னை நிறுத்திச் சீட்டை நீட்டினார்.

"இதுல இன்னா எழுதிக்கீறாங்கன்னு பாரு பாப்பா."

மூன்றாவது வரியில் 'நார்மோடென்சிவ்' என்று இருந்தது. அந்த வாரம்தான் படித்த வார்த்தை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கரும்பலகையில் மேடம் செய்வதுபோல வார்த்தையை இரண்டாக வெட்டி, நார்மோ என்றால் இயல்பு, டென்ஷன் என்றால் அழுத்தம் என்று பாடம் நடத்தினேன். அப்படியென்றால் பிரஷர் போய்விட்டதா என்று கேட்டார். "நார்மல் மாமா" என்றேன். அத்தை உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தார். சீட்டின் அடியில் கிறுக்கலாக மூன்று எழுத்து இருந்தது. டாக்டரின் இனிஷியல் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, என்னால்தான் அவர் மாத்திரையை விட்டார் என்று அத்தை தெருக்குழாயில் என் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னாராம். அம்மா அதை வீட்டில் வந்து சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சீட்டைப் படித்துச் சொன்ன ஒன்பதாம் நாள் வகுப்பில் மருத்துவச் சொற்சுருக்கங்கள் பாடம். மேடம் வரிசையாக எழுதிக்கொண்டே போனார். நடுவில் ஒன்று, சி.எஸ்.டி. அதே சிகிச்சையைத் தொடரவும் என்று பொருள் சொன்னார். மாமாவின் சீட்டில் இருந்தது அதே மூன்று எழுத்து. மாத்திரை சாப்பிட்டதால் வந்த நார்மலை, மாத்திரை வேண்டாத நார்மல் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

எழுந்து, பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். சிலருக்கு உடனே ஒன்றும் தெரியாது, சிலருக்குச் சத்தமில்லாமல் ஏறிப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும் என்றார் மேடம். யார் நிறுத்தியது என்று திருப்பிக் கேட்டார். சும்மா கேட்டேன் என்று பொய் சொல்லி உட்கார்ந்தேன்.

எங்கள் போனையெல்லாம் காலையிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். நான்கு மணி வரை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கிடைத்ததும் மாமாவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அவர் தறியில் உட்கார்ந்தால் போன் காதில் விழாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கண்ணமங்கலத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் இறங்கினேன், ஏறினேன், திரும்ப இறங்கினேன். ஏறுகிறாயா இறங்குகிறாயா என்று கண்டக்டர் சலித்துக்கொண்டார்.

தெருமுனைக்கு வந்ததும் தறிச் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் அது எந்த வீட்டுத் தறி என்று சொல்ல முடியாது. ஓடினேன். மாமா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா பின்மண்ட வலிச்சிகினே கீது. வெயிலுன்னு வுட்டுட்டேன்."

"மாமா, நான் தப்பா சொல்லிட்டேன். மாத்திரைய வுட்டிருக்கக் கூடாது. ஜல்தியா கெளம்புங்க."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்தார். நான் நார்மல் என்று சொன்னபோதும் இப்படித்தான் மறுகேள்வியில்லாமல் மாத்திரையை நிறுத்தியிருப்பார் என்று தோன்றியது. பக்கத்து கிளினிக்கில் நர்ஸ் அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார், பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்டார்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தான் சார் வுட்டுட்டேன்."

நான் வெள்ளைக் கோட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த 'நான்தான் தப்பாகச் சொன்னேன்' என்பதை டாக்டரிடம் நான் சொல்லவில்லை. டாக்டர் அவரைச் சின்னப் பிள்ளையைத் திட்டுவதுபோல் திட்டினார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, அதே மாத்திரையைத் திரும்ப எழுதி அனுப்பினார்கள்.

வீடு திரும்பியபோது அத்தையின் அக்கா சேவூரிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் கவர். மாமா புது மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னார்:

"பாப்பாகிட்ட காட்டு. நல்லா படிச்சி சொல்லும்."

கவர் என் கைக்கு வந்துவிட்டது. வெளியிலேயே தெரிந்த முதல் வரியில் எனக்குத் தெரிந்த வார்த்தை இரண்டு இருந்தன. பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க. நானே இன்னும் படிச்சிகினுதான் கீறேன். எழுதின டாக்டரையே கேளுங்க."

அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நான் தெருவைக் கடப்பதற்குள், வெள்ளைக் கோட்டு போட்டதும் வந்த திமிரைப் பார் என்று அவர் தங்கையிடம் சொன்னது காதில் விழுந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்ன அன்று எனக்குக் காபி கொடுத்த வாசல் அது.