கோழிக் கொட்டகையில் மியூட் பட்டன்

அண்ணனுடைய பண்ணையில் கோழிகளுக்குப் பாட்டுப் போடுவது ரசனைக்காக அல்ல. மோகனூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பண்ணையில், முட்டைக் கூண்டுக்குப் போகும் வயது வரும்வரை கோழிகள் தரையில்தான் வளர்கின்றன. திடீரென்று வெடிச் சத்தமோ லாரி ஹாரனோ கேட்டால் அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பகல் முழுக்கப் பாட்டு ஓடினால் அவை வெளிச் சத்தத்தைக் கண்டுகொள்வதில்லை. அதற்காகக் கொட்டகையை ஒட்டிய ஆபீஸ் ரூமில் ஒரு ரேடியோ இருந்தது. கொட்டகைக்குள் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும்.

ரேடியோ கெட்டுப்போனதும், நாமக்கல் போய் இன்னொன்று வாங்க அண்ணன் கிளம்பினார். விட்டேனா? வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் எனக்கு ஊரில் மரியாதை குறைவு. பட்டப்பகலில் லுங்கியோடு திரிபவனுக்கு உத்தியோகம் இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைச் செருகி, ஆம்ப்ளிஃபயருக்கு வயர் இழுத்தேன். பாட்டு வந்தது. அண்ணி காப்பி கொடுத்தார். கொஞ்ச நேரம் நான் பெரிய ஆள்.

அப்புறம் தீவனக் கடையிலிருந்து அண்ணனுக்கு போன் வந்தது. பாட்டை நிறுத்த லேப்டாப்பின் மியூட் பட்டனை அமுக்கினார். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டு நிற்கவில்லை. சத்தம் குறைக்கும் பட்டனை அமுக்கினார். திரையில் கோடு பூஜ்யம்வரை இறங்கியது; கொட்டகையில் பல்லவி இரண்டாம் தடவை ஆரம்பித்தது.

"இந்தக் கோடு எறங்கறத கோழிக்கு ஆரு சாமி காட்டறது?" என்றார்.

போன் வரும்போதெல்லாம் வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, கொட்டகைக்குள் நடந்து, கடைசித் தூணில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் குமிழை மெல்லத் திருகிவிட்டு வந்தார். திரும்பும்போது தவறாமல் என்னை ஒரு பார்வை.

"ஒரே அமுக்குல நிக்கோணும். ஆகுமா ஆகாதா?"

"ஆகுங்கண்ணா."

கோளாறு சின்னதுதான். பாட்டு போவது சவுண்ட் கார்டுக்கு. பட்டன்கள் அதிகாரம் செய்வது லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர்மேல். அதில் சத்தமே போகவில்லை என்பது அவற்றுக்குத் தெரியாது. எங்கள் கம்பெனியிலும் சில மேலாளர்கள் இப்படித்தான்.

சாயங்காலம் அண்ணன் குமிழைத் திருகிப் பாட்டை அடக்கிய பிறகுதான் லேப்டாப் என் கைக்கு வரும். இணையத்தில் உதவி கேட்டேன். ஒருவர், "எனக்கு வேலை செய்கிறதே" என்று பதில் போட்டார். அதைச் சொல்வதற்காகவே நேரம் ஒதுக்கிய பெரிய மனது. இன்னொருவர் ஒலி மென்பொருளையே மாற்றச் சொன்னார். மாற்றினேன். பழையதும் புதியதும் பங்காளிகளைப்போல் முட்டிக்கொண்டதில் பட்டனின் சிவப்பு விளக்கும் எரியாமல் போனது. எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, பட்டன்களைச் சவுண்ட் கார்டோடு இணைக்கும் சில வரிகளை நானே எழுதினேன். ஹெட்போனில் சோதித்தேன். கச்சிதமாக நின்றது.

மறுநாள் காலை பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அண்ணனையும் அண்ணியையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். விரலை உயரத் தூக்கி மியூட்டை அமுக்கினேன்.

பாட்டு சட்டென்று அறுந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். அத்தனை கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. ஒரு கொக்கரிப்புக்கூட இல்லை. அந்தப் பண்ணையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே கிடையாது. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பாத்தீங்களாண்ணா!" என்று கத்திக் கை தட்டினேன்.

கொட்டகை முழுவதும் வடக்கு மூலைக்கு ஓடியது. அண்ணன் மருந்துத் தண்ணீரைத் தாண்டிக் குதித்து உள்ளே ஓடினார், பின்னால் அண்ணி, அதற்கும் பின்னால் லுங்கியை மடித்துக்கொண்டு நான். கைக்குக் கிடைத்ததை அள்ளி அள்ளிப் பின்னால் விட்டோம். தூசியில் கண் தெரியவில்லை. மேலே இருந்தவை உதறிக்கொண்டு எழுந்து நடந்தன. அடியில் கிடந்தவற்றில் சில எழவில்லை. அண்ணன் அவற்றைச் சுவரோரம் எடுத்துப் போட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

குழாயடியில் அவர் கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"சத்தம் மெதுவாக் கொறையற மாதிரி மாத்திரலாங்கண்ணா. ரெண்டு வரி சேத்தாப் போதும்."

துண்டில் கையைத் துடைத்தார்.

"வேண்டாஞ் சாமி. வேலை செய்யாத வரைக்கும் அது ஒரு பாவமும் பண்ணுல. பழையபடி கெடுத்துக் குடுத்துரு."

கெடுப்பது சுலபமாக இருந்தது. எழுதிய வரிகளை அழித்துவிட்டுக் கூப்பிட்டேன். அண்ணன் வந்து மியூட் பட்டனை அமுக்கிப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டு நிற்கவில்லை. நான் செய்த வேலையைப் பார்த்து அவர் திருப்தியாகத் தலையாட்டியது அன்றைக்குத்தான்.