தாயம் விழுந்தால் சாவு

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு, எண்பதுகளின் நடுவில் ஆம்பூரில் இடம் கொடுத்தவன் தோல் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு நண்பன். மெஷின் அவன் வலது கையில் மூன்று விரல்களை எடுத்திருந்தது.

அதே கம்பெனியின் டைப்பிஸ்டுக்கு, கப்பலில் வேலை செய்த அண்ணன் ஓர் ஆங்கில விளையாட்டுப் புத்தகம் கொடுத்திருந்தார். பறக்கிறவன், மலையைத் தூக்குகிறவன் என்று ஆளுக்கொரு வீரனை உண்டாக்கி, அவன் பலத்தை எண்களாகக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் தங்கள் வீரனாகப் பேசுவார்கள். பிழைத்தானா என்பதைப் பகடை சொல்லும். பத்துமுகப் பகடை புத்தகத்தோடு வரவில்லை. எங்களிடம் இருந்தது தாயக்கட்டை. டைப்பிஸ்ட் படித்துச் சொல்ல, நூறு வரை போகும் கணக்கைப் பன்னிரண்டுக்குள் சுருக்கி ஒரு நோட்டில் எழுதினேன். பெரிய எண் வெற்றி, சின்ன எண் தோல்வி. உயிர் போகிற ஆபத்தில் ஒன்று விழுந்தால் சாவு. தாயத்தில் ஒன்றுதான் எல்லோரும் வேண்டுகிற எண், மறுபடி உருட்ட விடுகிற எண் என்பது எழுதும்போது என் புத்தியில் ஏறவில்லை.

முதலாளி முஸ்லிம் என்பதால் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்று மத்தியானங்களில் நண்பனின் அறையில் நான் கதை சொல்ல, மூவரும் ஆடினோம். மூன்றாவது வாரம் கட்டையில் ஒன்று விழ, டைப்பிஸ்டின் பறக்கும் வீரன் செத்தான். அவர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அங்கே தாயம் ஆட விடமாட்டார்கள். அதனால் ஒன்று நல்ல எண் என்று தெரியாமல் எதிர்த்துக் கேட்கவில்லை. காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். பிறகும் வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து நண்பனின் முறை. அவன் வீரனுக்கு இரும்புக் கை. பாலாற்றில் வெள்ளம், ரயில் கடக்கும்வரை பாலத்தின் தூணைப் பிடித்து நிற்க வேண்டும். நண்பன் இரண்டு விரலால் கட்டைகளைத் தேய்த்து உருட்டினான்.

தாயம்.

சிரித்தபடி மறுபடி உருட்ட எடுத்தான். நான் நோட்டைக் காட்டினேன்.

"தாயம் உழுந்தா சாவுன்னு எந்த ஊர்லடா இருக்குது?"

தப்பு எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வரியை அடிக்கப் பேனாவைத் திறந்தேன்.

"என் ஆளு செத்தப்ப இந்தப் பேனா எங்க இருந்துச்சு?" என்றார் டைப்பிஸ்ட்.

என் கை நின்றது. நண்பன் என்னையே பார்த்தான். இனி வேறு இடம்தான் என்று நினைத்து மூலையில் இருந்த என் பையைப் பார்த்துக்கொண்டேன். அவன் கைக்குள் கட்டைகள் உரசிக்கொண்டே இருந்தன. கடைசியில் தரையில் வைத்தான்.

"சார் ஆளையும் எழுப்பு. இல்லன்னா என் ஆளும் போய்ட்டான்னு எழுதிடு."

காகிதம்தான் எரிந்துபோயிற்றே, ஓர் எண்கூட ஞாபகம் இல்லை என்றார் டைப்பிஸ்ட்.

நண்பன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். பறப்பது பதினொன்று, பலம் நாலு, பார்வை ஒன்பது, தண்ணீர் என்றால் பயம். ஒன்றையும் விடவில்லை. புதுத் தாளில் எழுதி டைப்பிஸ்டிடம் கொடுத்தேன். நோட்டில் சாவை அடித்து, மறுபடி உருட்டலாம் என்று எழுதினேன்.

நண்பன் உருட்டினான். இரண்டு. சாகவில்லை, ஆனால் தூண் நழுவுகிறது, ரயில் பாதிப் பாலத்தில் இருக்கிறது என்றேன்.

டைப்பிஸ்ட் தாளை மடியில் வைத்து, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தண்ணின்னா பயம்தான்," என்றார். "இரு, வர்றேன்."